ஸ்பாய்லரைக் கழட்டணும், பெயிண்ட் உரியக் கூடாது: கேள்வி பதில்

கார் டீடெய்லிங் வேலை பாக்குறேன், பின்னாடி ஸ்பாய்லர் கழட்டுறது பத்தி என்ன வேணா கேளுங்கன்னு சொல்லியிருந்தேன், வந்த கேள்வியெல்லாம் கீழ.

கேள்வி: அண்ணா, செகண்ட் ஹேண்ட்ல செடான் வாங்கினேன், பழைய ஓனர் றெக்கை மாதிரி ஒண்ணு மாட்டி வச்சிருக்கார், பாக்கவே சகிக்கல. இழுத்தா வந்துருமா?

பதில்: இழுத்துராதீங்க தம்பி! மொதல்ல டிக்கியத் தொறந்து மூடியோட உள்பக்கம் டார்ச் அடிச்சுப் பாருங்க. சில வண்டில லைனிங் அட்டைக்குப் பின்னாடி நட்டு ஒளிஞ்சிருக்கும், கிளிப்பக் கழட்டினாத்தான் தெரியும். நட்டே இல்லன்னா ரெண்டு பக்கமும் ஒட்டுற ஃபோம் டேப்தான். ரெண்டும் சேந்து இருக்குறதும் உண்டு, வில்லங்கமே அங்கதான், நட்டக் கழட்டிட்டோம்ல வந்துரும்னு நம்பித் தூக்குவாங்க, ஓரத்துல டேப் புடிச்சுக்கிட்டு பெயிண்டோட உரிஞ்சு வரும். அதுல பிரேக் லைட் இருந்தா ஒயர் கப்ளரயும் மொதல்லயே கழட்டிருங்க.

கேள்வி: டேப்தான் ப்ரோ. ஹீட் கன் வாங்கவா?

பதில்: வேணாம், வீட்ல இருக்குற ஹேர் டிரையர் போதும். ஹீட் கன் 500 டிகிரிக்கு மேல போகும், கை பழகாதவங்க ஒரே எடத்துல காட்டினா பெயிண்ட் கொப்பளிச்சுரும். பசை இளக 60, 70 டிகிரி போதும், தொட்டா நல்லா சுடணும் ஆனா ஒரு செகண்டாவது விரல வைக்க முடியணும். சுத்தி மாஸ்கிங் டேப் ஒட்டிட்டு, மீன் புடிக்கிற தங்கூஸ் நரம்ப ரெண்டு குச்சில சுத்தி, ஸ்பாய்லருக்கு அடில விட்டு ரம்பம் அறுக்குற மாதிரி இப்படியும் அப்படியும் இழுங்க. நரம்பு ஸ்பாய்லரை ஒட்டியே போகட்டும், பெயிண்ட் பக்கம் அழுத்தக் கூடாது. ஃபோம் பாதி வண்டிலயே நிக்கும், நிக்கட்டும். சூடு ஆறிட்டா நரம்பு சிக்கும், மறுபடி காட்டுங்க. கடைசி அரை அடி வரும்போது இன்னொருத்தர் ஸ்பாய்லரைப் புடிச்சுக்கணும், இல்லன்னா தொப்புனு பம்பர்ல விழுந்து கோடு போட்டுரும்.

கேள்வி: என் வண்டி டிக்கி ஏற்கனவே ரீபெயிண்ட் பண்ணது சார். பயமா இருக்கு.

பதில்: பயப்பட வேண்டிய கேஸ்தான். கம்பெனி பெயிண்ட சுமார் 140 டிகிரில வேக வைப்பாங்க, பட்டறைல 60 டிகிரிதான், நெறைய எடத்துல அதுவும் இல்லாம சும்மா காய விடுவாங்க, அதனால ரீபெயிண்ட் சீக்கிரம் உரியும். ஒரு சின்ன காந்தத்த துணில சுத்தி வச்சுப் பாருங்க, தகரத்துல ஒரு எடத்துல மட்டும் புடிமானம் கம்மியா இருந்தா அடில பட்டி (நசுங்கின எடத்த நிரப்புற பூச்சு) இருக்கு. அங்க சூடு இன்னும் கம்மியா காட்டுங்க. ஓரம் எழும்புற மாதிரி தெரிஞ்சா அப்படியே நிறுத்திட்டு பெயிண்டர்கிட்ட போயிருங்க.

கேள்வி: மிச்சம் இருக்குற பசைக்கு தின்னர் போடலாமா?

பதில்: கூடாது, ரீபெயிண்ட்ட அப்படியே கரைச்சுரும். பிளேடும் வேணாம். லேசா சூடு பண்ணி கட்டைவிரலால உருட்டுங்க, உருண்டை உருண்டையா வரும். மிச்சத்துக்கு தார் ரிமூவர், கடைசியா ஷாம்பு.

கேள்வி: கழட்டின எடம் மட்டும் புதுசா பளிச்னு இருக்கு, சுத்தி மங்கல்.

பதில்: வெயில் படாத எடம், அப்படித்தான் இருக்கும். சுத்தி இருக்குறத காம்பவுண்ட் (தேய்க்கிற பேஸ்ட்) போட்டு பாலிஷ் பண்ணா நெருங்கி வரும். பெயிண்டுக்கு மேல நிறமில்லாம இருக்குற கிளியர் கோட் மொத்தமே 40, 50 மைக்ரான்தான், ஒரே நாள்ல தேய்ச்சுத் தள்ளிராதீங்க.

கேள்வி: போல்ட் போட்டது, நாலு ஓட்டை இருக்குண்ணே.

பதில்: ஓட்டை ஓரத்துல டச்சப் பெயிண்ட் வச்சு, ரப்பர் அடைப்பு போட்டு சீலன்ட் அடிங்க, விட்டா மழைத்தண்ணி டிக்கிக்குள்ள எறங்கித் துருப்புடிச்சுரும். நிரந்தரமா வேணும்னா வெல்டிங், டிங்கரிங், டிக்கி மூடி முழுக்க பெயிண்ட்னு செலவு நீளும். நானா இருந்தா அந்த ஓட்டைய மறைக்கிற மாதிரி சின்ன லிப் ஸ்பாய்லர் ஒண்ணு ஒட்டிட்டு வேலையப் பாத்துட்டுப் போயிருவேன்.

கேள்வி: எல்லாம் கழட்டியாச்சு, இப்ப டிக்கி தொறந்தா படார்னு எகிறுது?

பதில்: ஸ்பாய்லர் வெயிட்டுக்காக கீல் பக்கம் மூடியத் தூக்கிவிடுற முறுக்குக் கம்பியை யாரோ ஒரு காடி (கம்பி மாட்டுற பள்ளம்) ஏத்தி வச்சிருக்கலாம். பழைய காடிக்கு மாத்தினா சரியாயிரும், ஆனா அந்தக் கம்பி செம இழுவைல நிக்கும், வெறுங்கையால தொடாதீங்க, மெக்கானிக்க விட்டு மாத்துங்க.