கூலிப்படை வேண்டாம் என்று இத்தாலிய அரசியல் சிந்தனையாளர் மாக்கியவெல்லி ஏன் சொன்னார்? அவருடைய மாற்று பலித்ததா?

கூலிப்படைத் தலைவனுக்குப் படைதான் மூலதனம். ஆட்களை இழந்தால் பிழைப்பு போச்சு; போர் முடிந்தாலோ சம்பளம் நின்றுவிடும். அதனால் இழுத்தடிப்பான். பீசா நகரை மீட்க இத்தாலியின் ஃபுளோரன்ஸ் குடியரசு அமர்த்திய கூலிப்படைத் தலைவன் பாவ்லோ விதெல்லி, 1499-இல் மதிலை உடைத்தும் உள்ளே நுழையவில்லை; துரோகி என்று தலையை வெட்டினார்கள். (படையில் காய்ச்சல் பரவியிருந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.) திறமையற்ற தலைவன் தோற்பான், திறமைசாலி உங்கள் தலைக்கே வருவான் என்பது மாக்கியவெல்லியின் வாதம்.

ஃபுளோரன்ஸ் அரசுச் செயலராக இருந்த அவர், 1506-இல் நாட்டுப்புறத்து ஆட்களைக் கொண்டு சொந்தப் படை அமைத்தார். 1509-இல் பீசா பணிந்தது. ஆனால் அது பட்டினி போட்டுப் பெற்ற வெற்றி. 1512-இல் ஃபுளோரன்ஸுக்கு அருகிலுள்ள பிராத்தோ நகரில், போரில் பழகிய ஸ்பானியக் காலாட்படை வந்ததும் அதே படை சிதறி ஓடியது. முன்பு ஃபுளோரன்ஸை ஆண்ட மெதிச்சி குடும்பம் ஆட்சிக்குத் திரும்பியது, மாக்கியவெல்லியின் வேலையும் போனது. மறு ஆண்டு எழுதிய ‘இளவரசன்’ நூலிலும் சொந்தப் படையைத்தான் வலியுறுத்தினார். பிராத்தோ பற்றி அங்கே பேச்சே இல்லை.