பூங்குழலி ஜெயிக்க வானதி விஷம் வைக்க வேண்டுமா?

கேள்வி: 'பொன்னியின் செல்வன்' பாத்திரங்களை வைத்து வாட்பேட் இணையதளத்தில் ரசிகர் கதை எழுதி வருகிறேன். அருள்மொழிவர்மரும் பூங்குழலியும் சேர்வதுபோல. நடுவில் அருள்மொழியை விரும்பும் வானதி வருகிறாளே என்று, அவள் பொறாமையில் பூங்குழலிக்கு விஷம் வைப்பதாக ஓர் அத்தியாயம் போட்டேன். பாதிப் பேர் கொண்டாடினார்கள். மீதிப் பேர் "வானதி உனக்கு என்னம்மா பாவம் செய்தாள்?" என்று பிடித்துக்கொண்டார்கள். இது போதாதென்று, நானே உருவாக்கிய மாதங்கி என்ற மருத்துவப் பெண்ணை "மேரி சூ", அதாவது குறையே இல்லாத அதிசயப் பெண், என்று கிண்டல் செய்கிறார்கள். விஷ அத்தியாயத்தை எடுத்துவிடலாமா? மாதங்கியையும் நீக்கிவிடலாமா? — பெயர் வேண்டாம் என்ற வாசகி, திருச்சி

பதில்: மாதங்கி இருக்கட்டும். விஷம் போகட்டும். ஆனால் விஷத்தை எடுத்துவிட்டால் மட்டும் கதை சரியாகிவிடாது.

நீங்கள் செய்தது உலகம் முழுக்க ரசிகர் கதைகளில் நடப்பதுதான். ஹாரி பாட்டர் ரசிகர்களைப் பாருங்கள். ஹாரியை ஹெர்மயனியோடு சேர்த்து வைக்க நினைப்பவர்களுக்கு மூலக் கதையில் ஹாரியின் காதலியான ஜின்னி குறுக்கே நிற்கிறாள். உடனே ஜின்னி ஹாரிக்குக் காதல் மருந்து கொடுத்து மயக்கியவள் ஆகிவிடுவாள். பல கதைகளில் அவளுடைய அம்மாவும் அதற்கு உடந்தை. இந்தப் போக்கு எவ்வளவு பழகிப்போனது என்றால், 2009 முதல் இயங்கும் ஆர்கைவ் ஆஃப் அவர் ஓன் என்ற ரசிகர் கதைத் தளத்தில் பாத்திரத்தின் பெயரோடு 'பேஷிங்' (வேண்டுமென்றே மட்டம் தட்டுவது) என்று சேர்த்து டேக் போடுவது சாதாரண வழக்கம். விரும்பாதவர்கள் ஒதுங்கிக்கொள்ளலாம் என்பதற்காகத்தான் அது. நேர்மையான வழக்கம்தான், ஆனால் டேக் போட்டதால் கதை நன்றாகிவிடுவதில்லை.

ஆண்களுக்கும் இந்த அடி விழுகிறது, ஹாரியின் நண்பன் ரான் வாங்காத அடியா? இருந்தாலும் ரசிகர் உலகில் அவனை அடிக்கிறவர்கள் இருக்கிற அளவுக்கு அவனுக்காக மல்லுக்கட்டுகிறவர்களும் உண்டு. பெண் பாத்திரத்துக்கு அந்தத் துணை எளிதில் கிடைப்பதில்லை. ஒரு காரணம், மூலக் கதையிலேயே அவளுக்குக் காட்சிகள் குறைவு. நாயகனோடு மலையேறி, சண்டை போட்டு, சிரித்துப் பேசுகிறவன் அவன் நண்பன். காதலியோ கடைசி அத்தியாயத்தில் வந்து கைபிடிப்பவள். எழுத உட்கார்ந்தால் அவளைப் பிடித்துக்கொள்ளக் கொம்பே இருப்பதில்லை. இன்னொன்று, எழுதுகிறவர்களிலும் படிக்கிறவர்களிலும் பெரும்பாலோர் பெண்கள். நமக்குப் பிடித்த நாயகிக்குள் நாமே போய் உட்கார்ந்துகொள்கிறோம். அப்புறம் அடுத்தவள் நம் போட்டியாளர் ஆகிவிடுகிறாள்.

இதையெல்லாம்விட முக்கியமான ஒன்று இருக்கிறது. வானதி எதற்காக விஷம் வைக்கிறாள் என்று உங்கள் கதையையே கேட்டுப் பாருங்கள். பூங்குழலியைக் கொல்வதற்கா? இல்லை. அருள்மொழியின் கையில் அழுக்குப் படாமல் இருப்பதற்கு. தன்னையே நம்பியிருக்கும் ஒரு பெண்ணை அவர் விட்டுவிட்டுப் போகிறார் என்றால் படிப்பவர்களுக்கு உறுத்தும். அவள் விஷக்காரி ஆகிவிட்டால் உறுத்தாது. அவர் தேர்ந்தெடுக்கவே தேவையில்லாமல் கதை அவருக்காகத் தேர்ந்தெடுத்துவிடுகிறது. கையெழுத்துப் பிரதிகளைத் திருத்திக் கொடுக்கும் வேலையில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதைத்தான்: பெண் கெட்டவளாகும் இடத்தில் எல்லாம் பக்கத்திலேயே ஓர் ஆண் முடிவெடுக்காமல் நின்றுகொண்டிருப்பான்.

ஆகவே அந்த முடிவை அவர் தலையிலேயே வையுங்கள். அருள்மொழி பழையாறைக்கு வருகிறார், விஷயத்தைச் சொல்கிறார். வானதி அழ வேண்டாம், சீற வேண்டாம். "இந்த முடிவை எப்போது எடுத்தீர்கள்?" என்று மட்டும் கேட்கட்டும். பதில் சொல்ல அவர் நாளைக் கணக்கிட்டால், அந்த நாளுக்குப் பிறகும் அவளுக்கு ஓலை அனுப்பியது நினைவுக்கு வரட்டும். இப்படி ஒரு காட்சி போதும். பூங்குழலி ரசிகைகளும் விலகிப் போகமாட்டார்கள், வானதி ரசிகைகளும் சண்டைக்கு வரமாட்டார்கள். வந்தாலும் அருள்மொழியோடு சண்டை போடுவார்கள், அதுதானே நியாயம்!

வானதியைப் பற்றி ரசிகர்கள் கேலியாகச் சொல்வது "மயக்கம் போடுகிறவள்" என்பது. போர்முனைக்குக் கிளம்பும் இளவரசர் முன்னால் தீபத் தட்டை நழுவவிட்டு மயங்கி விழுந்தவள்தான், மறுக்கவில்லை. ஆனால் 1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்த கதை அவளை அங்கேயே விட்டுவிடவில்லை. ஐந்தாம் பாகத்தை எடுத்து 'வானதியின் சபதம்' அத்தியாயத்தை இன்னொரு முறை படியுங்கள். பூங்குழலியின் சுடுசொல்லுக்குப் பதிலாக, சோழ சிங்காதனத்தில் அமரவே மாட்டேன் என்று சபதம் செய்கிறவள் இந்த மயக்கக்காரிதான். அதற்கடுத்த அத்தியாயம் 'கூரை மிதந்தது', அதற்கும் அடுத்தது 'பூங்குழலி பாய்ந்தாள்'. வெள்ளத்தில் போகும் வானதியைக் காப்பாற்றப் போகிறவள் யார் தெரியுமா? உங்கள் பூங்குழலிதான். இந்த இரண்டு பெண்களுக்கும் நடுவில் கல்கி வைத்திருக்கும் உரசலும் ஈரமும், எந்த விஷக் கிண்ணத்தையும்விடப் பத்து மடங்கு சுவையான சரக்கு. அதை விட்டுவிட்டு ஏன் தொலைக்காட்சித் தொடர் மாமியார்களிடம் கடன் வாங்குகிறீர்கள்?

கல்கியும் சும்மா இல்லை என்று நீங்கள் பதில் சொல்லலாம். சரிதான். பூங்குழலியைச் சேந்தன் அமுதனுக்குக் கட்டி வைத்து வழியைச் சீர்படுத்தினார். வந்தியத்தேவனை விரும்பிய மணிமேகலையைச் சித்தம் கலங்க வைத்து, கடைசி அத்தியாயத்தில் அவன் மடியில் உயிரை விட வைத்தார். அதுவும் பாதையை ஒழுங்குபடுத்தும் வேலைதான். ஆனால் மணிமேகலையை அவர் கெட்டவளாக்கவில்லை. அதனால்தான் இத்தனை வருஷம் கழித்தும் அவளுக்காக ஒரு தனிக் கூட்டம் அழுதுகொண்டிருக்கிறது.

சரித்திரம் உங்களுக்கு இன்னொரு கதவையும் திறந்து வைத்திருக்கிறது. அருள்மொழிதான் பின்னாளில் இராஜராஜன்; அவருக்கு ஒரே மனைவி என்று எந்தக் கல்வெட்டும் சொல்லவில்லை. உலகமாதேவி, சோழமாதேவி, பஞ்சவன்மாதேவி என்று தேவியர் பலர். இராஜேந்திரனைப் பெற்றவள் வானவன்மாதேவி. அந்த இராஜேந்திரன், தன்னைப் பெறாத பஞ்சவன்மாதேவிக்கு, இறந்தவர் நினைவாக எழுப்பும் பள்ளிப்படைக் கோயில் எடுத்தான். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் பட்டீஸ்வரம் போனால் இன்றைக்கும் பார்க்கலாம். சக்களத்தியின் மகன் சிற்றன்னைக்குக் கோயில் எழுப்புகிற வீடு அது. அந்த அந்தப்புரத்தில் என்னென்ன பேச்சு நடந்திருக்கும் என்று யோசித்துப் பார்த்தாலே உங்களுக்கு ஐந்தாறு அத்தியாயம் கிடைக்கும். இக்காலத்து வாசகிகளுக்குப் பலதார மணம் கசக்கும் என்றால் கசக்கட்டும். கசப்பதையும் பூங்குழலியே வாய்விட்டுச் சொல்லலாம். அவள் சொல்லாமல் இருக்கிறவளா?

இப்போது மாதங்கிக்கு வருவோம். 'மேரி சூ' பிறந்தது 1973-இல், ஸ்டார் ட்ரெக் என்ற விண்வெளித் தொடரின் ரசிகை பாலா ஸ்மித் தன் ரசிகர் இதழில் எழுதிய ஒரு குட்டிக் கேலிக் கதையில். லெஃப்டினன்ட் மேரி சூவுக்கு வயது பதினைந்தரை, படையிலேயே இளையவள். விண்கப்பலின் கேப்டன் கர்க் பார்த்தவுடனே காதல் சொல்கிறார், அவள் மறுத்ததும் மரியாதை பொங்கி, "கொஞ்சம் கப்பலைப் பார்த்துக்கொள்" என்று ஒப்படைத்துவிட்டுக் காபி எடுக்கப் போய்விடுகிறார்! கடைசியில் அவள் இறக்க, கப்பலே அழுகிறது. அன்றைக்கு ரசிகர் இதழ்களுக்கு வந்து குவிந்த கதைகளைத்தான் பாலா ஸ்மித் கிண்டலடித்தார், சரியான கிண்டலும்கூட.

பிறகுதான் கெட்டது. கதையில் எந்தப் பெண் கொஞ்சம் கெட்டிக்காரியாக வந்தாலும் அந்தப் பெயரைச் சூட்ட ஆரம்பித்தார்கள். எந்தப் பெண்ணை எழுதினாலும் மேரி சூ என்கிறார்கள், எனவே பெண்களையே எழுதுவதில்லை என்று எழுத்தாளப் பெண்கள் சொன்னதை, 1992-இல் வந்த தன் ஆய்வு நூலில் கமீல் பேக்கன்-ஸ்மித் பதிவு செய்திருக்கிறார். பெண்கள் நடத்திய இதழ்கள், பெண்கள் எழுதிய கதைகள், அவற்றிலிருந்தே பெண் பாத்திரங்கள் ஒதுங்கிப் போனார்கள்.

நம் வந்தியத்தேவனை எடுத்துக்கொள்ளுங்கள். பூட்டிய கோட்டைக்குள் புகுந்து சுரங்கம் வழியாக வெளியே வருகிறான், கடல் தாண்டுகிறான், எல்லா அரசியல் ரகசியமும் அவன் காதில் விழுகிறது, இளவரசி குந்தவை விரும்புகிறாள், மணிமேகலை விரும்புகிறாள், நந்தினிக்கும் அவன்மேல் ஒரு கண். வல்லத்திலிருந்து வந்த, கையில் நாடில்லாத வாலிபன்! யாராவது அவனை மேரி சூ என்றார்களா? அவன் பொய் சொல்லி மாட்டிக்கொள்கிறான், அவசரப்பட்டு உளறுகிறான், அதனால் நாம் அவனை ரசிக்கிறோம்.

மாதங்கிக்கு இல்லாதது அதுதான். பதினேழு வயதில் வாள் தெரியும், நான்கு மொழி தெரியும், இருக்கட்டும், எதையும் வெட்ட வேண்டாம். ஆனால் நீங்கள் அனுப்பிய பகுதியில் சுந்தர சோழரின் செயலிழந்த கால்களை அவள் தொட்டவுடன் அரண்மனை வைத்தியர்கள் அத்தனை பேரும் வாயைப் பிளக்கிறார்கள். அவள் புத்திசாலியாகத் தெரிவதற்காக மற்ற எல்லோரும் மூடர்களாகிவிட்டார்கள். காபி எடுக்கப் போன கேப்டனைப் போல. பழையாறை வைத்தியரின் மகன் பினாகபாணி என்று ஒருவன் மூலத்திலேயே இருக்கிறான், பொறாமைக்காரன். அவனைக் கொண்டுவந்து அவளிடம் ஒரு கேள்வி கேட்க வையுங்கள், நியாயமான கேள்வியாக. அவளுக்குப் பதில் தெரியாமல் போகட்டும். மன்னர் குணமாக வேண்டாம், ஒரு வேளை வலி குறையட்டும், அடுத்த வாரம் திரும்ப வரட்டும்.

கமெண்டுகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் எழுதிக்கொண்டிருக்காதீர்கள். பழைய விஷ அத்தியாயத்தைச் சத்தமில்லாமல் அழித்தால் "எங்கே போச்சு?" என்று தனிச் சண்டை கிளம்பும். இந்த அத்தியாயம் மாற்றி எழுதப்பட்டது என்று மேலே ஒரு வரிக் குறிப்பு போட்டு, அதே இடத்தில் புதியதை ஏற்றுங்கள். கொண்டாடிய பாதியில் சிலர் கோபித்துக்கொண்டு போவார்கள். போகட்டும், அவர்களுக்கு எழுத ஆட்கள் நிறையவே இருக்கிறார்கள்.