நாற்பதைத் தாண்டிய பிறகு குவாண்டம் தகவல் அறிவியலுக்கு மாறலாமா?

துகள் இயற்பியலிலேயே ஊறிய ஒருவர் நாற்பது வயதுக்கு மேல் குவாண்டம் தகவல் அறிவியலுக்கு, அதாவது குவாண்டம் விதிகளைக் கொண்டு தகவலைச் சேமித்துக் கணக்கிடும் துறைக்கு, வந்தால் தேறுவாரா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகத் தேறுவார். கால்டெக் (கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகம்) பேராசிரியர் ஜான் பிரெஸ்கில் அப்படி வந்தவர்தான்.

1953-இல் பிறந்தவர். ஹார்வர்டில் ஆய்வு மாணவராக இருந்தபோதே, பெருவெடிப்பில் காந்த ஒற்றைமுனைகள் (வடமுனை மட்டுமோ தென்முனை மட்டுமோ கொண்ட துகள்கள்) ஏராளமாக உருவாகியிருக்க வேண்டுமே, அவை எங்கே போயின என்று 1979-இல் ஒரு கட்டுரை எழுதினார். அந்தச் சிக்கலோடு மல்லுக்கட்டித்தான் இயற்பியலாளர் ஆலன் கூத், பிரபஞ்சம் தொடக்கத்தில் கண்ணிமைக்கும் நேரத்தில் பன்மடங்கு ஊதிப் பெருத்தது என்னும் அண்ட வீக்கக் கோட்பாட்டுக்கு வந்து சேர்ந்தார். இவ்வளவு பேர் வாங்கியவர் கடைசிவரை அதே துறையில் இருந்திருக்கலாம்.

1993-இல் டெக்சாஸில் சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்த சூப்பர் கொலைடர் என்னும் மாபெரும் துகள் மோதுவிப்பான் திட்டத்தை அமெரிக்க காங்கிரஸ் நிறுத்திவிட்டது. துகள் இயற்பியலுக்கு அது பெரிய அடி. அடுத்த வருடமே கணிதவியலாளர் பீட்டர் ஷோர், பெரிய எண்களைக் காரணிப்படுத்தும் குவாண்டம் வழிமுறையை வெளியிட்டார். அந்தச் சமயத்தில்தான் பிரெஸ்கில் புதுத் துறைக்குத் திரும்பினார்; அப்போது அவருக்கு 41 வயது. ஆனால் அவர் வெறுங்கையோடு வரவில்லை. கருந்துளைக்குள் விழுந்த தகவல் என்ன ஆகிறது என்று ஏற்கெனவே மண்டையைக் குடைந்துகொண்டிருந்தவர். தகவல் அழிந்துவிடும் என்ற ஸ்டீபன் ஹாக்கிங்கோடு, அழியாது என்று 1997-இல் பந்தயமே கட்டினார். 2004-இல் ஹாக்கிங் தோல்வியை ஒப்புக்கொண்டு ஒரு பேஸ்பால் கலைக்களஞ்சியத்தைக் கொடுத்தார்.

என் பார்வையில், அவரைப் புதுத் துறையில் நிலைநிறுத்தியது பாடம் நடத்தியதுதான். 1997-98-இல் குவாண்டம் கணினியியலுக்கென்றே ஒரு பாடம் எடுத்தார். அதன் குறிப்புகள் இன்றும் இணையத்தில் இலவசம். குவாண்டம் கணினியில் நேரும் பிழைகளைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் பிழைதிருத்தத்தை நான் கற்றது அவற்றில்தான். குவாண்டம் நிலையை நகலெடுக்க முடியாது, அளந்தால் கலைந்துவிடும். அப்புறம் பிழையை எப்படிப் பிடிப்பது? எளிமையான வழி இது: ஒரு கியூபிட்டின் (0, 1 இரண்டும் கலந்த நிலையிலும் இருக்கக்கூடிய குவாண்டம் பிட்டின்) தகவலை மூன்று கியூபிட்டுகளில் பரப்பிவிட்டு, 'முதல் இரண்டும் ஒத்திருக்கின்றனவா? கடைசி இரண்டும் ஒத்திருக்கின்றனவா?' என்பதை மட்டும் அளக்க வேண்டும். முதலாவதற்கு 'இல்லை', இரண்டாவதற்கு 'ஆம்' என்று வந்தால், 0-க்கும் 1-க்கும் இடையே புரண்டது முதல் கியூபிட். உள்ளே இருப்பது 0-வா 1-ஆ என்று கேட்கவே இல்லை; அதனால் தகவலும் கலையவில்லை. இதை முதன்முறை போட்டுப் பார்த்தபோது எனக்குப் புல்லரித்தது. 0, 1 புரளாமல், அவை கலந்திருக்கும் நிலையின் அலைக்கட்டம் (phase) மட்டும் மாறிவிடும் கட்டப் பிழைகளுக்கு இது போதாது. அதையும் சேர்த்துச் சமாளிக்கும் பொதுவான முறையை 1997-இல் தன் ஆய்வேட்டில் விரிவாக வகுத்த டேனியல் காட்ஸ்மன், பிரெஸ்கிலின் மாணவர்.

நீங்களும் மாறப் போகிறீர்கள் என்றால் அந்தக் குறிப்புகளிலேயே தொடங்குங்கள். பிழைதிருத்தம் ஏழாவது அத்தியாயம். ஆர்வக்கோளாறில் நேராக அங்கே தாவாமல், இரண்டாவது, மூன்றாவது அத்தியாயக் கணக்குகளைக் கையால் போட்டு முடித்துவிட்டுப் போங்கள்.