நிறைவர்க்கம் என்று கணினி சொன்னால் நம்பலாமா?

கிளிநொச்சியிலிருந்து உயர்தர மாணவர் ஒருவர் கேட்கிறார்: "ஓர் எண் நிறைவர்க்கமா என்று பார்க்கப் பைதனில் நிரல் எழுதினேன். வர்க்கமூலம் எடுத்து, தசமம் வராவிட்டால் 'ஆம்' என்று சொல்லும். சின்ன எண்களுக்குச் சரி. 10000000200000000 கொடுத்தாலும் 'ஆம்' என்கிறது. ரியூசன் சேர் இல்லை என்கிறார். யார் பிழை?"

சேர் சொன்னதுதான் சரி, தம்பி. அதற்குக் கணினியே தேவையில்லை. கடைசி எட்டுப் பூச்சியங்களை எடுத்துவிடுங்கள்; அது 10000 இன் வர்க்கம், போனால் பாதகமில்லை. மிஞ்சுவது 100000002. எந்த வர்க்கமும் 2, 3, 7, 8 இல் முடியாது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை பிடிக்கக்கூடியதைக் கணினி கோட்டைவிட்டிருக்கிறது!

ஏன்? 100000001 இன் வர்க்கத்தைவிட உங்கள் எண் ஒன்றுதான் குறைவு. உண்மையான மூலம் 100000000.999999995 அளவில் வரும். தசம எண்ணுக்குப் பைதன் வைத்திருப்பது 53 இரும இலக்கங்கள், அதாவது ஏறத்தாழ 16 தசம இலக்கங்கள். அந்தக் கடைசி 5 அதற்குள் அடங்காது. அதனால் 100000001 என்று மட்டந்தட்டிவிட்டது. 310 இலக்க எண் ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள், வழு காட்டியே நின்றுவிடும்.

ஆகவே தசமத்தை விட்டுவிட்டு முழு எண்ணிலேயே கணியுங்கள். இரணைமடுக் குளத்துக்குக் கீழே 2209 சதுர அடியில் ஒரு வயல் துண்டு என்று வையுங்கள். பரப்பு மாறாமல் அதைச் சதுரமாக்கினால் வரும் பக்கம்தான் வர்க்கமூலம். ஒரு பக்க வரம்பு 100 அடி என்றால் மற்றது 22 அடி (மீதியை விடுங்கள்). இரண்டுக்கும் சராசரி 61. இப்போது 61 ஆல் வகுத்தால் 36, சராசரி 48. அடுத்த சுற்றில் 47. அதற்கடுத்ததும் 47, இனிக் குறையாது, நிறுத்துங்கள். 47 ஐ 47 ஆல் பெருக்கினால் 2209, ஆகவே நிறைவர்க்கம். தொடக்க எண் மூலத்தைவிடப் பெரிதாக இருக்க வேண்டும், அதில் மட்டும் கவனம். 200 இலக்க எண் என்றாலும், 1 போட்டு நூறு பூச்சியத்தில் தொடங்கினால் பத்துப் பன்னிரண்டு சுற்றில் முடிந்துவிடும்.

பைதன் 3.8 முதல் இந்த வேலைக்கே ஒரு கட்டளை இருக்கிறது. நீங்கள் பாவித்த வர்க்கமூலக் கட்டளையின் பெயருக்கு முன்னால் ஆங்கில 'ஐ' (i) எழுத்தைச் சேருங்கள், அவ்வளவுதான். ஆனால் ஒருதரமாவது கையால் எழுதிப் பாருங்கள் என்பேன்.

அப்புறம், ஆயிரக்கணக்கான எண்களைச் சோதிக்கிறீர்கள் என்றால் முதலில் 64 ஆல் வகுத்து மீதியைப் பாருங்கள். வர்க்கங்களுக்கு வரக்கூடிய மீதிகள் 12 தான். 63 க்கு 16, 65 க்கு 21, 11 க்கு 6. நான்கையும் தாண்டுவது நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. தாண்டியது வர்க்கம் என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். கடைசி இலக்கம், இலக்கக் கூட்டுத்தொகை போன்ற சோதனைகளும் அப்படித்தான். 124 ஐப் பாருங்கள்: 4 இல் முடிகிறது, இலக்கங்களின் கூட்டுத்தொகை 7, இரண்டுமே வர்க்கத்துக்குப் பொருந்தும். ஆனால் அது 121 க்கும் 144 க்கும் நடுவில் நிற்கிறது.