பி.எச்டி.க்கு மாடலிங் எடுத்தால் வயல் வேலையிலிருந்து தப்பிக்கலாமா?

எம்.எஸ்சி. பூச்சியியல் முடித்திருக்கிறீர்கள். வெயிலில் நின்று பூச்சி எண்ணி அலுத்துவிட்டது, அதனால் பூச்சி எப்போது, எவ்வளவு பெருகும் என்று கணினி முன் உட்கார்ந்து கணக்குப் போட்டுச் சொல்லும் மாடலிங் எடுக்கலாமா என்று கேட்கிறீர்கள். தாராளமாக எடுங்கள். ஆனால் வயலுக்குப் போகாமல் இருக்கலாம் என்பதற்காக எடுப்பதென்றால் வேண்டாம். பதினேழு வருடமாக இதே வேலையில் இருக்கிறேன், அந்த உரிமையில் சொல்கிறேன்.

என் ஆய்வு நெல்லைத் தாக்கும் புகையான் என்ற பூச்சியைப் பற்றியது. தூரின் அடியில் உட்கார்ந்து சாறு உறிஞ்சும். வயல் வட்ட வட்டமாகத் தீயில் கருகியது போலக் காய்ந்துவிடும். பூச்சிக்கு நம்மைப் போல நிலையான உடல் சூடு கிடையாது. சுற்றியிருக்கும் வெப்பம்தான் அதன் வளர்ச்சியைத் தீர்மானிக்கிறது. 12 டிகிரிக்குக் கீழே ஒரு பூச்சி வளராது என்று வைத்துக்கொள்வோம். சராசரி 27 டிகிரி இருக்கும் நாளில் அதன் கணக்கில் 15 ஏறும். இப்படி நாள்தோறும் கூட்டிக்கொண்டே வந்து, ஒரு தலைமுறை வளரத் தேவையான மொத்தத்தை எட்டும் நாளைப் பார்த்தால் அடுத்த தலைமுறை எப்போது வெளிவரும் என்று முன்கூட்டியே சொல்லலாம். அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. இதைவிட அழகான கணக்கு உலகத்தில் இல்லை என்று நம்பினேன்.

தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு தாளடிப் பருவத்தில் அந்தக் கணக்கு பொய்த்தது. நான் குறித்த தேதிக்குப் பத்து நாள் முன்னாலேயே குஞ்சுகள் மொய்த்தன. இரண்டு நாள் தூக்கமில்லாமல் சமன்பாட்டையே திருத்திக்கொண்டிருந்தேன். என்னோடு பூச்சி எண்ண வந்த தினக்கூலி அக்கா ஒருவர்தான் தூரை இரண்டு கையாலும் விலக்கி, தண்ணீருக்கு ஒரு விரற்கடை மேலே காட்டினார். "தம்பி, பூச்சி இங்க உக்காந்திருக்கு. நீங்க அந்தப் பெட்டியில இருக்குற சூட்ட எழுதிட்டுப் போறீங்களே?"

வானிலைப் பெட்டி இருந்தது நாலடி உயரத்தில், புல்தரையில், வயலுக்கு வெளியே. அன்றைக்கே ஒரு வெப்பமானியைக் குச்சியில் கட்டித் தூரின் அடியில் வைத்தோம். மழை மூட்டமான ராத்திரிகளில் வெளியே குளிர்ந்தாலும் தண்ணீரை ஒட்டிய அந்த இடம் கதகதப்பாகவே இருந்தது. அந்த அளவை உள்ளே கொடுத்ததும் தேதி கிட்டத்தட்டப் பொருந்தியது.

அப்புறம் சிலந்தி. ஓநாய்ச் சிலந்தி ஒரு நாளைக்கு எத்தனை புகையானைத் தின்னும்? தொட்டியில் நெல் வளர்த்து, கூண்டு போட்டு, பட்டினி போட்ட சிலந்தியை விட்டு, 5, 10, 20, 40 என்று புகையானைக் கூட்டிக்கொண்டே போனேன். தீனி கூடக் கூடத் தின்பதும் கூடும். ஓர் அளவுக்கு மேல் ஏறாது. பிடிக்கவும் தின்னவும் நேரம் வேண்டுமே. இந்த வளைகோட்டை ஹோலிங் என்ற சூழலியலாளர் 1959இல் எப்படிக் கண்டார் தெரியுமா? உதவியாளரின் கண்ணைக் கட்டி, மேசை மேல் ஊசியால் குத்திவைத்த உப்புத்தாள் வட்டங்களை விரலால் தட்டித் தேடி எடுக்கச் சொன்னார். மாடலிங்கில் இன்றும் எடுத்தாளப்படும் ஒரு சமன்பாடு அப்படித்தான் பிறந்தது.

"ஏட்டுச் சுரைக்காய், விவசாயிக்கு என்ன பயன்?" என்று கீழே யாராவது எழுதுவீர்கள், தெரியும். நம் ஊர்ப் பரிந்துரையையே எடுத்துப் பாருங்கள்: சிலந்தி இல்லாத வயலில் ஒரு தூருக்கு, அதாவது ஒரு தண்டுக்கு, 1 புகையான் இருந்தாலே மருந்து, குத்துக்கு (ஓரிடத்தில் நட்ட தூர்களின் கொத்துக்கு) ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு 2 வரை பொறுக்கலாம். சிலந்தியின் பசியை யாரோ உட்கார்ந்து அளந்திருக்காவிட்டால் அந்தச் சலுகை ஏது? பிலிப்பைன்ஸ் நெல் வயல்களில் பீட்டர் கென்மோர் என்ற ஆய்வாளர் செய்த ஆய்வு, மருந்து அடித்து இயற்கை எதிரிகளைக் கொன்றால் புகையான் பெருகும் என்று காட்டியது. 1986இல் இந்தோனேசியா நெல்லுக்கு 57 பூச்சிமருந்துகளைத் தடை செய்ததன் பின்னால் இந்த அறிவு இருந்தது. மருந்தே கூடாது என்று நான் சொல்லவில்லை. கடைக்காரர் சொன்னார் என்பதற்காக எண்ணிப் பார்க்காமல் அடிக்காதீர்கள் என்கிறேன்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், பல வருடமாக மனதில் கிடக்கிறது. அந்த அக்கா நான்கு பருவம் என்னோடு எண்ணினார். மழை நாளில் நோட்டை மடியில் பாலித்தீன் பையில் சுற்றி வைத்துக்கொள்வார். கட்டுரையின் நன்றிப் பகுதியில் அவர் பெயரை எழுதியிருந்தேன். அப்போது எனக்கு மேலே இருந்தவர், "கூலிக்கு வந்தவங்க பேரெல்லாம் போடுற வழக்கம் இல்ல" என்று சிவப்பு மையால் அடித்துவிட்டார். எதிர்த்துப் பேச எனக்குத் தைரியம் வரவில்லை. அந்தக் கட்டுரையை வைத்துத்தான் எனக்கு வேலை கிடைத்தது. திட்டம் முடிந்த மாதமே அவருக்குக் கூலி நின்றது, அதிலும் கடைசி இரண்டு மாதப் பாக்கி எட்டு மாதம் கழித்துத்தான் வந்தது.

சேருவதென்று முடிவெடுத்தால், சேருவதற்கு முன் ஒரு பருவம் முழுக்க வாரம் ஒரு நாள் ஏதாவது ஒரு வயலில் இறங்கித் தூரை விலக்கி எண்ணிப் பாருங்கள். உங்களோடு எண்ணுகிறவர்கள் பெயரை நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.