4.3 என்றால் அலட்சியமாக இருக்கலாமா?

பிரவுசர் அப்டேட் குறிப்பில் “ஸ்பூஃபிங், மீடியம், 4.3” என்று இருக்கிறது. மீடியம்தானே, கடையில் கூட்டம் குறைந்த பிறகு அப்டேட் போட்டால் போதுமா?
– கம்ப்யூட்டர் சென்டர் நடத்துபவர், மண்டபம்

இன்றைக்கே போட்டுவிடுங்கள். ஸ்பூஃபிங் என்றால் போலியை நிஜம்போல் காட்டுவது. 4.3 என்பது சிவிஎஸ்எஸ், அதாவது சாஃப்ட்வேரில் உள்ள ஓட்டை எவ்வளவு ஆபத்தானது என்று பத்துக்குப் போடும் மதிப்பெண். 0.1 முதல் 3.9 வரை லோ, 6.9 வரை மீடியம், 8.9 வரை ஹை, அதற்கு மேல் கிரிட்டிக்கல். இந்த வகை ஓட்டையை இன்டர்நெட் வழியாகவே பயன்படுத்தலாம், பாஸ்வேர்டும் வேண்டாம். அதெல்லாம் மதிப்பெண்ணை ஏற்றும். ஆனால் நீங்கள் ஒரு லிங்க்கைத் தொட வேண்டும், நேரடி பாதிப்பும் முகவரிப் பட்டையில் பொய்யான பெயர் தெரிவது மட்டும்தான். அதனால்தான் 4.3. தொடாமலே நடக்கும் என்றால் அதே ஓட்டைக்கு 5.3.

இங்கேதான் சூட்சுமம். அந்தப் பொய்ப் பெயரை நம்பி உங்கள் வாடிக்கையாளர் ஓடிபியைத் தட்டினால் போகும் பணம் இந்தக் கணக்கில் வராது. மதிப்பெண் சாஃப்ட்வேருக்கு, உங்கள் கல்லாவுக்கு அல்ல. நாள் முழுக்க அடுத்தவர் பணம் கட்டும் கம்ப்யூட்டரில் நான் இதை ஹை என்றே எடுத்துக்கொள்வேன்.

ஒரே ஓட்டைக்கு ஒருவர் லோ என்கிறார், இன்னொருவர் மீடியம் என்கிறார். யாரை நம்புவது?
– கல்லூரி மாணவி, கீழக்கரை

இருவரையும். மைக்ரோசாஃப்ட் கிரிட்டிக்கல், இம்பார்ட்டன்ட், மாடரேட், லோ என்று தனியாக ஒரு வரிசை வைத்திருக்கிறது. குரோமுக்கு வேறு வரிசை. சிவிஎஸ்எஸ் எண் அதிலிருந்து தனி.

எங்கள் லாட்ஜ் பெயரில் யாரோ போலி இணையதளம் வைத்து அட்வான்ஸ் வாங்குகிறார்கள். ஆடி அமாவாசை நெருங்குகிறது. இதற்கு என்ன ரேட்டிங்?
– லாட்ஜ் மேனேஜர், ராமேஸ்வரம்

ரேட்டிங்கே கிடையாது. இது சாஃப்ட்வேர் ஓட்டை அல்ல, பச்சை மோசடி; எந்த அப்டேட்டும் வந்து அடைக்காது. பணம் கட்டி ஏமாந்தவர்களை உடனே 1930-க்கு அழைக்கச் சொல்லுங்கள். பணம் மேலும் கைமாறுவதற்குள் சொன்னால் வங்கியில் நிறுத்தி வைக்க வாய்ப்புண்டு. நீங்களும் தேசிய சைபர் கிரைம் இணையதளத்தில் புகார் பதியுங்கள். அப்புறம் அந்த டொமைனை (இணைய முகவரியை) விற்ற நிறுவனத்துக்கும், தேடலில் அது வந்தால் கூகுளுக்கும் எழுதுங்கள்.

பூட்டுப் படம் இருந்தால் நிஜமான தளம்தானே?
– படகு உரிமையாளர், தொண்டி

இல்லை. வழியில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பதற்குத்தான் அந்தப் பூட்டு. திருடனும் அதை இலவசமாக வாங்கலாம். குரோமே 2023-ல் அதை எடுத்துவிட்டது. முகவரியில் https:// தாண்டி வரும் முதல் சாய்கோட்டுக்கு முன்னால் உள்ளதை வலமிருந்து இடமாகப் படியுங்கள். முன்னால் வங்கிப் பெயர் இருந்து, கடைசியில் சம்பந்தமில்லாத பெயரும் டாட் காமும் வந்தால், அந்தக் கடைசிப் பெயர்க்காரர்தான் உரிமையாளர்.