ஜோடி நிமோ மீன்களில் பெரியது சின்னதைத் துரத்திக்கொண்டே இருக்கிறது, பிரித்துவிடலாமா?

மூன்றடித் தொட்டி, இரண்டு மாதமாக ஒற்றுமையாக இருந்த நிமோ ஜோடி (ஒசெல்லாரிஸ் வகைக் கோமாளி மீன்). மூன்று நாளாகப் பெரியது சின்னதைத் துரத்துகிறது, வாலைக் கடிக்கிறது. உடனே பிரிக்க வேண்டுமா, இல்லை சின்னதைக் கடையில் கொடுத்து வேறொன்று வாங்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். ஒரு நாற்காலியைப் போட்டுத் தொட்டிக்கு முன்னால் அரை மணி நேரம் உட்காருங்கள். பெரியதைக் கவனிக்க வேண்டாம், சின்னதை மட்டும் பாருங்கள்.

பெரியது நெருங்கி வரும்போது சின்னது உடம்பை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு, தலையிலிருந்து வால்வரை வெடவெடவென்று நடுங்குகிறதா? முதல் தடவை பார்த்தபோது மீனுக்கு வலிப்பு வந்துவிட்டது என்றே நினைத்துப் பதறினேன். அது நோய் இல்லை. "நீதான் பெரியவள், நான் அடங்கித்தான் இருக்கிறேன்" என்று சின்னது சொல்லும் முறை அது. நடுங்கிய சில விநாடிகளில் பெரியது விலகிப் போய்விட்டால், அந்த ஜோடியைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை. சின்னது நடுங்கியும் பெரியது விடாமல் கடித்தாலோ, சின்னது நடுங்காமல் திரும்பி எதிர்த்தாலோதான் சிக்கல்.

இதன் காரணம் தெரிந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது உங்களுக்கே விளங்கும். கோமாளி மீனில் எதுவும் பெண்ணாகப் பிறப்பதில்லை. ஒரு கடல் சாமந்தியில் (அனிமோன்) வாழும் கூட்டத்தில் எது பெரியதோ அது பெண்ணாகிறது, அடுத்தது ஆண், மீதி எல்லாம் குட்டியாகவே காத்திருக்கும். பெண் இறந்தால் ஆண் பெண்ணாக மாறும். மாறியபின் ஆணாகத் திரும்ப முடியாது. ஆண் அப்படி மாறிவிடாமல் இருப்பது பெண்ணின் அதட்டலால்தான் என்பதை ஹான்ஸ் ஃபிரிக்கேயும் சிமோன் ஃபிரிக்கேயும் 1977இல் எழுதினார்கள். பிறகு பப்புவா நியூ கினியாவின் மடாங் கடற்பகுதியில் பெர்குலா என்ற கோமாளி மீன் வகையை ஆராய்ந்த பீட்டர் பஸ்டன், 2003இல் இன்னொன்றைக் காட்டினார்: சிறிய மீன், தனக்கு மேலே இருப்பதைவிடக் குறிப்பிட்ட அளவு சிறியதாகவே இருக்கும்படித் தன் வளர்ச்சியையே கட்டுப்படுத்திக்கொள்கிறது. அந்த இடைவெளி குறைந்தால் பெரியது அதைக் கொன்றுவிடலாம் அல்லது விரட்டிவிடலாம்.

கடலில் விரட்டப்பட்ட மீனுக்கு வேறொரு சாமந்தி கிடைக்கச் சிறு வாய்ப்பாவது உண்டு. மூன்றடிக் கண்ணாடிக்குள் அது எங்கே போகும்? வீட்டுத் தொட்டியில் இந்தச் சண்டை உயிரை எடுப்பது அதனால்தான். மீனுக்கு ஒளிய இடம் கொடுப்பது நம் பொறுப்பு.

என் முதல் ஜோடியை நான் இப்படித்தான் இழந்தேன். சென்னையில் ஒரு கடையில் வெவ்வேறு தொட்டிகளிலிருந்து இரண்டு மீன்களை எடுத்து, "நல்ல ஜோடி சார்" என்று கொடுத்தார்கள். இரண்டுமே ஏறக்குறைய 7 சென்டிமீட்டர். அழகாக இருக்கிறதே என்று வாங்கி வந்தேன். அவை இரண்டும் அதற்குள் பெண்ணாகியிருக்க வேண்டும், ஒன்றுகூட நடுங்கவில்லை. வாயைக் கவ்விக்கொண்டு சுற்றின. கண்ணாடிக்குப் பக்கத்தில் காதை வைத்தால் 'டக் டக்' என்று சத்தம்கூடக் கேட்டது. தாடையை வேகமாக மூடி அவை எழுப்பும் சத்தம் அது. இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டேன். ஐந்தாம் நாள் காலை ஒன்று துடுப்பெல்லாம் கிழிந்து மணலில் கிடந்தது. அதை நினைத்தால் இன்றும் மனது கஷ்டப்படுகிறது. இந்தப் பதிலை இவ்வளவு விரிவாக எழுதுவதற்கும் அதுதான் காரணம்.

உங்கள் ஜோடி இரண்டு மாதம் ஒற்றுமையாக இருந்திருக்கிறது, அதனால் இரண்டும் பெண்ணாக இருக்க வாய்ப்பு குறைவு. மூன்று நாளில் என்ன மாறியது என்று யோசித்துப் பாருங்கள். புதிதாக அனிமோனோ பவளமோ வைத்தீர்களா? கல்லை இடம் மாற்றினீர்களா? ஊருக்குப் போய்த் தீனி குறைந்ததா? சின்னது வேகமாக வளர்ந்து பெரியதை எட்டிக்கொண்டிருக்கிறதா? இல்லையென்றால் இரண்டும் சேர்ந்து ஒரே கல்லையோ கண்ணாடியின் ஒரு மூலையையோ வாயால் கொத்திச் சுத்தம் செய்கின்றனவா? அப்படியென்றால் முட்டையிடத் தயாராகின்றன. அந்தச் சமயத்தில் பெண் சிடுசிடுப்பாகத்தான் இருக்கும், தொட்டிக்குள் விட்ட உங்கள் கையையும் கடிக்கும். அதோடு தண்ணீரின் உப்பைக் காட்டும் ஒப்படர்த்தி 1.025, வெப்பம் 26 டிகிரி அளவில் இருக்கிறதா, அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமா என்றும் ஒருமுறை சோதித்துவிடுங்கள். தண்ணீர் கெட்டால் சின்னதுக்குத் தாங்கும் சக்தி போய்விடும்.

எப்போது தலையிட வேண்டும்? சின்னது இரண்டு வேளை தொடர்ந்து தீனிக்கு வராவிட்டால், ஹீட்டருக்குப் பின்னாலோ மேல்மூலையிலோ ஒண்டிக்கொண்டே இருந்தால், துடுப்பு கிழிந்த இடம் வெளுத்துப் போனால் அன்றைக்கே பிரித்துவிடுங்கள். மேலே வெள்ளைக் கோழை படிந்து வேகமாக மூச்சு வாங்கினால் மட்டும் கதை வேறு. அது புரூக்ளினெல்லா என்ற ஒட்டுண்ணியாக இருக்கலாம், சீக்கிரமே கொல்லக்கூடியது. அந்த மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றி மருத்துவம் பார்க்க வேண்டும்.

பிரிக்கும்போது பலரும் பாவம் என்று சின்னதைத்தான் எடுத்து வைப்பார்கள். நானும் இரண்டாவது ஜோடியில் முதலில் அதைத்தான் செய்தேன். திரும்ப விட்டதும் பெரியதுக்கு அது அந்நியன் போல ஆகி, துரத்தல் முன்பைவிட மோசமானது. எடுக்க வேண்டியது பெரியதை. துளையிட்ட பிளாஸ்டிக் பெட்டியை அதே தொட்டிக்குள் மாட்டிப் பெரியதை அதில் விடுங்கள். தண்ணீர் உள்ளே ஓட வேண்டும், இரண்டும் ஒன்றையொன்று பார்க்கவும் வேண்டும். சின்னது தொட்டி முழுக்கச் சுற்றி, வயிறாரத் தின்று, ஒளிய இடங்களைப் பழகிக்கொள்ளட்டும். என் பெரியது ஒன்பது நாள் உள்ளே இருந்தது. முதலில் சின்னது பெட்டிப் பக்கமே போகவில்லை. ஆறாம் நாள் ராத்திரி பெட்டியை ஒட்டியே தூங்கியது. அதைப் பார்த்ததும் எனக்கு வந்த நிம்மதி கொஞ்சநஞ்சம் இல்லை.

திறந்துவிடும் நாளில் முதலில் லைவ் ராக்கை (தொட்டியில் அடுக்கிய பவளப்பாறைக் கற்களை) கொஞ்சம் இடம் மாற்றி வையுங்கள். பழைய எல்லை கலைந்துவிடும். சின்னது மட்டும் நுழையக்கூடிய இரண்டு இடுக்குகளாவது இருக்கட்டும். இரண்டுக்கும் தீனி போட்டு, விளக்கை அணைத்த பிறகு பெட்டியைத் திறங்கள். அப்புறம் ஒரு வாரத்துக்குத் தீனியைச் சிறிது சிறிதாக ஒரு நாளைக்கு மூன்று தடவை, தொட்டியின் இரண்டு முனையிலும் போடுங்கள். துரத்தல் முழுவதும் நிற்காது, நிற்கவும் வேண்டாம். சின்னது நடுங்குவதும் பெரியது விலகுவதும் திரும்பி வந்தால் போதும்.

சண்டையைப் பிரித்துக் கொடுக்கும் என்று யாராவது மூன்றாவது கோமாளி மீனை விடச் சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். ஜோடி சேர்ந்த பிறகு வரும் மூன்றாவதை இரண்டும் சேர்ந்து அடிக்கும். நான் சொன்னதெல்லாம் ஒசெல்லாரிஸ், பெர்குலா வகைகளுக்குத்தான். மெரூன் கோமாளி இவற்றைவிடப் பல மடங்கு முரடு; அதில் ஒரு நாள்கூடக் காத்திருந்து பார்க்கக் கூடாது.

இத்தனைக்கும் பிறகு ஒத்துவராமல் சின்னதை மாற்ற வேண்டி வந்தால், பெரியதில் பாதி அளவே இருக்கும் குட்டியாகப் பார்த்து வாங்குங்கள், 3 சென்டிமீட்டர் இருந்தால் நல்லது. கடலில் பிடித்ததா, பொரிப்பகத்தில் வளர்ந்ததா என்று கேளுங்கள். பரங்கிப்பேட்டை, மண்டபம் ஆராய்ச்சி நிலையங்களில் கோமாளி மீனைப் பொரித்து வளர்க்கும் முறையை எப்போதோ கைவசப்படுத்திவிட்டார்கள், அதனால் கடல் மீனைத் தேட வேண்டிய அவசியமில்லை. புதுக்குட்டியைத் தனித் தொட்டியில் சில வாரம் வைத்து நோயில்லை என்று பார்த்த பிறகு, அதே பெட்டி முறையில் பெரியதை உள்ளே வைத்துவிட்டு இதைத் தொட்டியில் விடுங்கள்.